சரியாக ஓடினால் ஒன்றும் சொல்லாது

மக்டலின் இறந்த அன்று இறக்கக்கண்டியில் ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. அந்தக் கரையில் அது வழக்கம். ஊரில் மரணம் என்றால் அன்றைக்குத் தொழில் இல்லை. ஆனால் மக்டலின் அந்த ஊர்க்காரி அல்ல. பாலையூற்றில் பிறந்து, பாலையூற்றிலேயே என்னைக் கட்டி, அங்கேயே இருந்தவள். அவளுடைய தகப்பன் மீன் பிடித்தவரும் அல்ல. இருந்தும் செய்தி போனவுடன் மீனவர் சங்கத் தலைவர் அருளம்பலம் வெள்ளைக் கொடி கட்டச் சொன்னாராம். ஐஸ் அறையைப் பூட்டினார்கள். பிறகு யாரோ அலுவலகத்தின் மூலையைக் காட்டினார்கள். அங்கே மேசைக்குக் கீழே, செங்கல்லின் மேல், கணினி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"அவவின்ர மெசின் இண்டைக்கு ஓடுறது முறையில்லை" என்று அருளம்பலம் சொன்னார்.

மரண வீட்டில் வானொலியை நிறுத்துவதுபோல அதையும் நிறுத்தினார்கள். மின்கம்பியைக் கழற்றினார்கள். அப்போதும் அது பற்றரியில் இரைந்துகொண்டிருந்தது, பற்றரியையும் கழற்றினார்கள். மரியாதைக்குச் செய்த காரியம். அதனால் என்ன போயிற்று என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. அந்நேரம் நான் சேமக்காலையில் அவளுடைய குழிக்கு இடம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மக்டலினின் தகப்பன் திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் ஓடிய பயணிகள் லோஞ்சில் இயந்திரம் பார்த்தவர். பள்ளி விடுமுறையில் அவளையும் ஏற்றிக்கொண்டு போவார். கொட்டியாரக் குடாவைக் கடக்கிற நேரம் முழுக்க அவள் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்தபடி இருப்பாள். கடல் அவளுக்கு ஒருநாளும் ஒத்துவரவில்லை. தகப்பன் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திக் கத்திக் காற்றுகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுப்பாராம். கொண்டல், சோழகம், கச்சான், வாடை எல்லாவற்றையும் வாளிக்குள் தலையை வைத்துக்கொண்டு படித்ததாகச் சொல்வாள். சண்டைக் காலத்தில் லோஞ்ச் நின்றது. தகப்பனும் எங்கள் கலியாணத்துக்கு முதலே போய்விட்டார். காற்றுகளின் பெயர்கள் மட்டும் அவளிடம் மிஞ்சின.

கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி படித்தாள். அதன்பின் நிலாவெளிப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் படிப்பித்தாள். அதிகம் பேசாத டீச்சர் என்று பெயர். வீட்டிலும் அப்படித்தான். எல்லாம் சரியாக இருந்தால் வாய் திறக்கமாட்டாள். ஏதாவது பிழைத்தால்தான் கதை வரும். வந்தால் நன்றாக வரும். கறி எப்படி என்று நான் சொல்லவில்லை என்று ஒருமுறையும் குறைப்பட்டதில்லை. உப்பில்லை என்று சொன்னால் மட்டும், உப்பு எங்கே இருக்கிறது, அதை யார் எடுத்து மேசையில் வைத்திருக்கவேண்டும், கலியாணம் கட்டின நாள் தொடக்கம் யார் வைக்கவில்லை என்று ஒரு சரித்திரமே வரும். நான் சிரிப்பேன். அந்தச் சரித்திரத்துக்காகவே சில நாட்களில் உப்பில்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

இறக்கக்கண்டியோடு அவளுக்குத் தொடர்பு வந்தது றிஷானாவால். றிஷானா அவளிடம் படித்த பிள்ளை. இப்போது சங்கத்தில் எழுதுவினைஞர். படிக்கிற காலத்தில் பாடம் நடக்கும்போது அவளுடைய தொலைபேசி அடிக்கடி அடிக்குமாம். எடுத்தால் தகப்பன் ஸெய்னுதீன், சொந்த வள்ளம் ஓட்டுகிறவர். இன்றைக்குக் காற்று என்ன சொல்லுது என்று மகளைக் கேட்பார். ஆங்கிலத்தில் வருவதை அவரால் வாசிக்க ஏலாது. தமிழில் வருவதை வாசித்தாலும் விளங்காது. வடகிழக்கிலிருந்து மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்றால், கரையில் நிற்கிற மனிதன் அதை வைத்து என்ன செய்வது? வகுப்பில் தொலைபேசி அடித்ததற்கு மக்டலின் றிஷானாவைத் தண்டிக்கவில்லை. வருகிற சனிக்கிழமை உங்கட வாப்பாவைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

சுனாமிதான் அவளை இந்த வேலைக்குத் தூண்டியது என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். அவளிடமே சிலர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். இல்லை, ஒரு தொலைபேசி ஓயாமல் அடித்ததுதான் என்பாள்.

அந்தச் சனிக்கிழமை நானும் கூடப் போனேன். வள்ளத்தின் நிழலில் கதிரை போட்டார்கள். மக்டலின் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. எந்தக் காற்றில் வலை போடலாம், எந்தக் காற்றில் வள்ளத்தை மேலே இழுக்கவேண்டும், எவ்வளவு வீசினால் 'கடும்' என்று சொல்லலாம். ஸெய்னுதீன் முதலில் பொறுமையாகச் சொன்னார். பிறகு தன் வலையை விட்டுவிட்டு அவளுடைய வலைக்குள் அகப்பட்டுவிட்டதாகச் சொல்லி எழுந்துபோனார். தேத்தண்ணியோடு திரும்பி வந்தவர்தான் கடைசியில் முக்கியமான சங்கதியைச் சொன்னார்.

"பிள்ளை, 'போகாதீங்க' எண்டு அனுப்பினா எங்கட ஆக்கள் கட்டாயம் போவாங்க. 'பெரிய போட்காரனும் யோசிக்கிறான்' எண்டு அனுப்புங்க. ஒருத்தனும் போகமாட்டான்."

மக்டலின் அதை அப்படியே வைத்துக்கொண்டாள். அவள் எழுதிய செய்நிரல் ஒவ்வொரு நாளும் வானிலை அறிக்கையை எடுத்து, கிலோமீற்றரையும் திசையையும் கரையின் பாஷைக்கு மாற்றி, பின்னேரம் வள்ளங்கள் இறங்க முதல் எல்லோருடைய தொலைபேசிக்கும் குறுஞ்செய்தியாக அனுப்பும். 'சோழகம் மெல்ல. போகலாம்.' 'கச்சான் கொஞ்சம் கூட. சின்ன வள்ளங்கள் கரையோடு நில்லுங்கோ.' மிக மோசமான நாட்களில் மட்டும், 'வாடை கடும். பெரிய போட்காரரும் யோசிக்கினம்.' அந்த வசனம் வந்த நாட்களில் இறக்கக்கண்டியிலிருந்து ஒரு வள்ளமும் போனதில்லை.

இந்தச் செய்நிரல் ஜாவாவில் எழுதியது. ஜாவா என்பது ஒரு மொழி. அந்த மொழியை அறிந்து அதில் எழுதியதை ஓட்டுகிற இயக்கி ஒன்று கணினியில் இருக்கவேண்டும். அந்த இயக்கி எங்கே இருக்கிறது, எந்த எழுத்தில் எழுதவேண்டும், எந்த ஊர் நேரத்தைப் பின்பற்றவேண்டும் என்பதெல்லாம் கணினிக்கு வெளியிலிருந்து சொல்லப்படவேண்டிய விபரங்கள். சூழல் மாறிகள் என்று பாடப்புத்தகம் சொல்லும். மக்டலின் வகுப்பில் வேறு மாதிரிச் சொல்வாளாம். புதிதாக வேலைக்கு வந்தவனுக்கு வீடு எங்கே, இங்கே என்ன பாஷை பேசுவது, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று முதலில் சொல்லிவைக்கவேண்டும். சொல்லாவிட்டால் எவ்வளவு கெட்டிக்காரனும் படலையடியில்தான் நிற்பான்.

அவற்றைச் சொல்ல இரண்டு வழி உண்டு. கணினி எழும்பியபின் கையால் தட்டிச் சொல்லலாம். அது அந்த ஒரு தடவைக்குத்தான், அணைத்தால் மறந்துபோகும். அல்லது ஒரு கோப்பில் எழுதிவைக்கலாம். எழும்புகிற ஒவ்வொரு முறையும் அது தானே வாசித்துக்கொள்ளும். கோப்பில் எழுதாதவனுக்கு மக்டலின் புள்ளி குறைப்பாள் என்று றிஷானா சொல்லியிருக்கிறாள். ஆனால் இறக்கக்கண்டிக் கணினிக்கு அவளே ஒருநாளும் கோப்பில் எழுதவில்லை. அதில் இருந்த ஜாவா பழையது, விரைவில் மாற்றுவேன், மாற்றியபின் ஒரேயடியாக எழுதுவேன் என்பாள். நான் கேட்டால் "பிறகு" என்று ஒரு சொல்தான். மின்வெட்டுக் காலத்தில் கரண்ட் வந்தவுடன் அங்கேயிருந்து அழைப்பு வரும். எங்கள் குசினி மேசையில் மடிக்கணினியை விரித்து, இணையம் வழியாக அந்தக் கணினிக்குள் போய், அகப்பையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் நாலு வரி தட்டுவாள். சங்கத்துக்குப் பெரிய பற்றரி வாங்கியபின் அந்தத் தேவையும் இல்லாமல் போயிற்று. கணினி அணையவேயில்லை. கொழும்பு ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்த நாட்களிலும் அது அவள் கடைசியாகத் தட்டிச் சொன்ன நாலு வரியை மறக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

மரியாதைக்காக அணைத்தபோது போனது அந்த நாலு வரிதான்.

அடக்கம் முடிந்து சில நாட்களில் அருளம்பலமும் றிஷானாவும் வீட்டுக்கு வந்தார்கள். அருளம்பலம் கதிரையின் நுனியில் இருந்தார். கணினியைத் திரும்பவும் போட்டார்களாம். விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, குறுஞ்செய்தி வரவில்லை. கொழும்பில் ஒரு நிறுவனம் புதிதாக ஒன்று போட்டுத்தர ஆயத்தமாக இருக்கிறது. அது அறிக்கையை உள்ளபடியே அனுப்பும், கிலோமீற்றரோடு. வாடை வீசிக் கடல் குழம்பத் துவங்க முதல் ஏதாவது ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதுவரை பொறுப்போம், அதற்குமேல் சங்கம் கேட்காது என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தான் அணைக்கச் சொன்னதையும் சொன்னார்.

நான் புவியியல் படிப்பிக்கிறவன். காற்று எங்கிருந்து ஏன் வீசுகிறது என்று கரும்பலகையில் கீறிக்காட்டத் தெரியும். கணினியில் பரீட்சைப் புள்ளி பதிவதற்கு மேல் தெரியாது. ஆனாலும் மக்டலினின் மடிக்கணினி அலுமாரிக்குள் இருந்தது. அவள் செய்த ஒன்று இன்னும் உலகத்தில் நடமாடிக்கொண்டிருந்தது, இப்போது நின்றுவிட்டது என்பதை அந்தக் கதிரையில் இருந்தவர் சொன்னபோதுதான் நான் முழுதாக உணர்ந்தேன். பார்க்கிறேன் என்று சொன்னேன்.

சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் போனேன். முன்பு அவள் பின்னால் இருந்து, உப்புவெளி தாண்டியதும் மெல்லப் போகச் சொல்வாள். அன்றைக்கும் அந்த இடத்தில் மெல்லப் போனேன்.

சங்கத்து மேசையில் மடிக்கணினியை வைத்து றிஷானா அதைக் கீழேயுள்ள கணினியோடு இணைத்தாள். செய்நிரலை ஓடச் சொன்னோம். ஜாவா என்று ஒன்று இல்லை என்று ஆங்கிலத்தில் வந்தது. றிஷானா தேடி அது இருந்த அடைவை, அதாவது கோப்புறையை, கண்டுபிடித்தாள். அதன் முழு விலாசத்தையும் நான் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். 'ஜாவா ஹோம்' என்ற மாறிக்கு அதுதான் பெறுமதி, ஜாவாவின் வீடு. திரும்பவும் பிழை. எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தோம், எல்லாம் சரி. றிஷானா சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"சேர், டீச்சர் வகுப்பில சொல்றவ. வீட்டைக் கேட்டா வீட்டைச் சொல்லுங்க, குசினியைச் சொல்லாதீங்க எண்டு. நீங்க குசினியைச் சொல்லியிருக்கிறீங்க."

நான் ஓர் அடைவு கூட உள்ளே போயிருந்தேன். இயக்கி இருந்த அறையைச் சொல்லியிருந்தேன், வீட்டைச் சொல்லவில்லை. கடைசிச் சொல்லை அழித்தேன். இம்முறை ஜாவா எழும்பியது. எழும்பி, திரை நிறையக் கேள்விக்குறிகளைக் கொட்டியது. எழுத்து ஒன்றும் இல்லை. வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள்தான்.

ஸெய்னுதீன் அப்போதுதான் உள்ளே வந்தார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், முழுக்கக் கேள்வியாக் கேக்குது. ஆளைப் போலத்தான் மெசினும்."

அன்றைக்கு முதன்முதலாக எல்லோரும் சிரித்தோம்.

கேள்விக்குறிகள் ஏன் வந்தன என்பதும் றிஷானாவுக்கு நினைவு வந்தது. எந்த எழுத்தில் எழுதுவது என்று சொல்லப்படாவிட்டால் பழைய ஜாவாவுக்குத் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறிதான். மொழிக்கான மாறியை அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். திரும்ப ஓட்டினேன்.

திரையில் தமிழ் வந்தது. கொம்பும் காலும் தம் எழுத்துகளிலிருந்து கொஞ்சம் விலகி நின்றாலும் வாசிக்க முடிந்தது.

'எந்த ஊர் நேரம் எண்டு சொல்லேல்ல. கொழும்பு எண்டு போடுங்கோ. திருகோணமலைக்கெண்டு தனி நேரம் ஒண்டும் இல்ல.'

கேள்விக்குறிகளாக வந்தது இதுதான். ஒரு மாறி குறைந்தால் செய்நிரல் என்ன சொல்லவேண்டும் என்று அவள் எழுதிவைத்திருந்தாள். வேறு யாராக இருந்தாலும் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருப்பார்கள். அவள் குசினியிலிருந்து எனக்குச் சொல்வதுபோல எழுதியிருந்தாள். நான் கையைத் தட்டுப்பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். றிஷானா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினாள்.

நேரம் சொல்லாமல் விட்டிருந்தால் செய்தி வள்ளங்கள் இறங்கி வெகுநேரம் கழித்தே போயிருக்கும் என்று பிறகு விளங்கியது. கணினியின் கடிகாரம் இலண்டன் பக்கத்து நேரத்தில் நின்றது. கொழும்பு என்று தட்டினேன். அடுத்த வரி வந்தது.

'மோடம் எங்க செருகியிருக்கு எண்டு சொல்லேல்ல. வயரைப் பிடிச்சுக்கொண்டு போய்ப் பாருங்கோ.'

மோடம் என்பது குறுஞ்செய்தி அனுப்புகிற சின்னப் பெட்டி. வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். மேசைக்குக் கீழே முழங்காலில் இருந்து, வயர்க் குவியலுக்குள் அது செருகியிருந்த இடம் இதுதான் என்று ஊகித்து வந்து தட்டினேன். பிழை. வேறு இலக்கத்தோடு தட்டினேன். பிழை. மீண்டும் ஒன்று.

'மூண்டாந்தரம். எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. அது எங்கயும் ஓடிப்போகாது.'

"இது ஆருக்கு எழுதினவ, சேர்?" என்று றிஷானா கேட்டாள். "டீச்சர்தானே எப்பவும் தட்டுறது. அவவுக்கு எல்லாம் மனப்பாடம்."

எழுந்து போய்த் தேத்தண்ணி குடித்தேன். திரும்பி வந்து, அருளம்பலம் பற்றரி கழற்றியபோது மோடத்தையும் கழற்றி வேறு துளையில் செருகியிருக்கிறார் என்று கண்டுபிடித்தோம். அந்தத் துளையின் பெயரைச் சொன்னேன். ஓட்டினேன்.

ஒன்றும் வரவில்லை. வெறும் திரை. நான் காத்திருந்தேன். றிஷானாதான் சொன்னாள்.

"ஓடுது, சேர். சரியா ஓடினா ஒண்டும் சொல்லாது. அப்பிடித்தான் டீச்சர் எழுதுறவ. எல்லாம் சரியெண்டா கதைக்க என்ன இருக்கு எண்டு கேப்பா."

பின்னேரம் அந்த அறையில் இருந்த எல்லாத் தொலைபேசிகளும் சற்று முன்னும் பின்னுமாக ஒலித்தன. 'கச்சான் மெல்ல. போகலாம்.' ஸெய்னுதீன் வாசித்துவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். "போட்டு வாறன், மாஸ்டர்" என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

நாலு வரியையும் கோப்பில் எழுதிவிடுவோமா என்று றிஷானா அன்றைக்கே கேட்டாள். எப்படி என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது டீச்சரின் கணினி, சேரின் கை படாமல் செய்யமாட்டேன் என்றாள்.

"பிறகு செய்வம்" என்றேன்.

அந்தப் பற்றரி பழசாகியிருந்தது. ஒருமுறை முழுதாகக் கழற்றியபின் முன்போல் தாங்கவில்லை. கரண்ட் போனால் கணினியும் போனது. அழைப்பு வரும், அவளுடைய தொலைபேசிக்கு வந்த அழைப்புகள் இப்போது எனக்கு வந்தன. மடிக்கணினியில் வீட்டிலிருந்தே செய்யலாம். நான் இறக்கக்கண்டிக்குப் போனேன். பாடசாலை முடிந்த கையோடு, மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனேன். முதலில் வீட்டையும் பாஷையையும் மட்டும் தட்டுவேன். நேரத்தைச் சொல்லமாட்டேன். ஓட்டுவேன்.

'எந்த ஊர் நேரம் எண்டு சொல்லேல்ல.'

வாசித்துவிட்டு நேரத்தைச் சொல்வேன். மோடத்தைச் சொல்லாமல் ஓட்டுவேன். வயரைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்வாள். சில நாட்களில் வேண்டுமென்றே பிழையான துளைகளைச் சொல்லித் தேத்தண்ணிக்கு அனுப்பப்படுவேன். போய்க் குடித்துவிட்டும் வருவேன். எல்லாம் முடிந்தால் திரை வெறுமையாகும். அதன்பின் அங்கே இருக்க எனக்குக் காரணம் இராது.

றிஷானா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கச்சான் முற்றாக அடங்கி, வாடை துவங்க இன்னும் கொஞ்ச நாள் இருந்த ஒரு நாள், பாடசாலையில் பரீட்சை மேற்பார்வை. தொலைபேசியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மண்டபத்துக்குள் போகவேண்டும். இறக்கக்கண்டியில் அன்று காலை கரண்ட் போய் வந்திருக்கிறது. றிஷானா எனக்கு அடித்து அடித்துப் பார்த்திருக்கிறாள். பின்னேரம் செய்தி போகவில்லை.

நான் வெளியே வந்து தொலைபேசியைப் பார்த்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வழியெல்லாம் பயந்துகொண்டு போனேன். செய்தி இல்லாமல் யாராவது இறங்கியிருப்பார்கள், காற்று மாறியிருக்கும் என்று நினைத்தேன். கரையில் எல்லா வள்ளங்களும் நின்றன. கடல் மடிப்பில்லாமல் விரித்த துணிபோலக் கிடந்தது. அந்தப் பருவத்தில் அப்படி ஒரு நல்ல கடல் இனி வராது. ஸெய்னுதீன் மணலில் குந்தியிருந்தார்.

"பெடியன்மார் போகப் பார்த்தவங்க, மாஸ்டர். நான்தான் மறிச்சனான். மெசேஜ் வரேல்ல, பிள்ளை ஏதோ யோசிக்கிறா எண்டு சொன்னன்."

மக்டலினை அவர் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். சொன்னபின் தன் வாயிலிருந்து வந்ததை அவரே கேட்டிருக்கவேண்டும். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அருளம்பலம் சங்க வாசலில் நின்றார். கொழும்பு நிறுவனத்துக்குத் திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் உள்ளே போய் மேசையில் இருந்து மடிக்கணினியைத் திறந்தேன். றிஷானா கதவடியில் நின்றாள்.

"சேர், ஒண்டு சொல்லட்டா? கோவிக்கக்கூடாது."

"சொல்லும்."

"டீச்சர் மௌத்தான அண்டைக்கு நாங்க மெசினை நிப்பாட்டினது மரியாதை எண்டு நினைச்சு. அதால எல்லாம் நிண்டுபோச்சு. நீங்களும் இப்ப அதைத்தான் செய்யிறீங்க."

நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன்.

"அந்த வரியளை நானும் வாசிக்கிறனான்" என்றாள் மெதுவாக. "நீங்க விட்டுவிட்டு ஓட்டுற நேரம், உங்களுக்குப் பின்னால நிண்டு. எனக்கும் மனப்பாடம். ஆனா அவ அதை எழுதினது ஒருத்தரும் அதில நிண்டுகொண்டிருக்கவேணும் எண்டு இல்ல, சேர். அடுத்த வரிக்குப் போகட்டும் எண்டுதான்."

அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னேன். கோப்பை அவள் திறந்தாள், வரிகளை நான் தட்டினேன். வீடு, பாஷை, நேரம், மோடம். குசினியைச் சொல்லிவிடவில்லையே என்று அவள் சரிபார்த்தாள். கணினி எழும்பும்போது செய்நிரலும் தானே எழும்பவேண்டும் என்று இன்னொரு இடத்தில் எழுதினாள். எல்லாம் சரிதானா என்று அறிய ஒரே வழிதான் இருந்தது, அணைத்துப் போட்டுப் பார்ப்பது.

"நீங்க அணையுங்க" என்றாள்.

அதற்கு முதல் ஒருமுறை, நேரத்தைச் சொல்லாமல் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவள் தலையசைத்தாள். இருவரும் வாசித்தோம். திருகோணமலைக்கெண்டு தனி நேரம் ஒண்டும் இல்ல. பிறகு நான் குனிந்து மேசைக்குக் கீழே கையை விட்டு அணைத்தேன். காற்றாடி நின்றது. இவ்வளவு சத்தம் அதுவரை அந்த அறையில் இருந்ததா என்று தோன்றியது. வெளியே யாரோ வள்ளத்தை இழுக்கிற சத்தம் கேட்டது. திரும்பப் போட்டேன்.

கணினி எழும்பியது. தன் வீட்டைத் தானே கண்டுபிடித்தது. திரை வெறுமையாக இருந்தது. ஒரு கேள்விக்குறியும் வரவில்லை, ஒரு சொல்லும் வரவில்லை. அந்தச் சின்னக் கோடு மட்டும் ஓர் இடத்தில் நின்று மின்னி மின்னி மறைந்தது. போதும் என்று றிஷானா மடிக்கணினியை மெதுவாக மூடினாள்.

கொழும்பு நிறுவனத்துக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று அருளம்பலம் சொல்லிவிட்டார். வாடை அடுத்த வாரமே வந்தது. அன்று பின்னேரம் பாடசாலை வாசலில் நிற்கும்போது என் தொலைபேசி ஒலித்தது. 'வாடை கடும். பெரிய போட்காரரும் யோசிக்கினம்.' றிஷானா பிறகு சொன்னாள், வாப்பா அதை எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினாராம். யார் யோசிக்கிறது, நான் யோசிக்கேல்ல என்று சொல்லிக்கொண்டே வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டினாராம். அன்று ஒருவரும் போகவில்லை.

மக்டலினின் மடிக்கணினி திரும்பவும் அலுமாரிக்குள் இருக்கிறது. நான் இப்போது சாப்பாட்டில் உப்புச் சரியாகப் போட்டுக்கொள்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு இறக்கக்கண்டியில் எத்தனையோ தடவை கரண்ட் போய் வந்திருக்கிறது. றிஷானா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருவரும் அழைக்கவில்லை.